அரிசியை நிறுத்திவிட்டுப் பேசுவது

அன்புள்ள அண்ணனுக்கு,

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். சமாதானம் பேசிக்கொண்டே எதிரியின் துறைமுகத்தைப் போர்க்கப்பலால் மறித்து வைக்கிறார்களே, பேச உட்கார்ந்தால் முற்றுகையை எடுத்துவிட வேண்டாமா என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள். எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை.

ச.

அன்புள்ள தம்பிக்கு,

போர்நிறுத்தம் வந்தால் முற்றுகை தானாக விலகிவிடாது. விலக வேண்டுமென்றால் அதைத் தனியாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 1918 நவம்பர் 11 அன்று, முதல் உலகப் போர் முடிவில், ஜெர்மனியோடு செய்த போர்நிறுத்தத்தில் நேசநாடுகள் நேர்மாறாக எழுதின. முற்றுகை அப்படியே தொடரும் என்றது 26ஆம் பிரிவு. உணவு கொடுப்பது பற்றி யோசிப்போம் என்று கூடவே ஒரு வரி. யோசித்து முடிக்க நாலு மாதம் ஆனது. வணிகக் கப்பல்களை ஒப்படைத்தால்தான் சாப்பாடு என்றார்கள். அதற்கு ஜெர்மனி தங்கத்தில் காசு கட்டுவதா என்று பிரான்ஸ் முரண்டு பிடித்தது. அந்தத் தங்கம் நஷ்டஈடாகத் தனக்கு வரவேண்டியதாம். 1919 மார்ச்சில் பிரஸல்ஸில்தான் வழி பிறந்தது. வெர்சாய் ஒப்பந்தத்தில் ஜெர்மனி கையெழுத்துப் போட்டது ஜூன் 28. முற்றுகை எடுபட்டது ஜூலை 12.

புத்தகத்தில் இதைப் படிப்பதற்கு முன்பே, தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் பார்த்துவிட்டேன். நான் சின்னப் பையன். சம்பளம் கூட்டச் சொல்லி வேலைநிறுத்தம். சங்கத்துக்காரர்கள் கொழும்பில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இங்கே தோட்டத்தில், சம்பளத்தில் கழித்துக்கொண்டு போடும் அரிசியையும் மாவையும் நிறுத்திவிட்டார்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஸ்டோர் கதவில் பூட்டு, அவ்வளவுதான். அம்மா கடைசி மாவை ரொட்டியாகத் தட்டாமல் கஞ்சியாகக் காய்ச்சினாள், ஆறு பேருக்கு வரட்டும் என்று. கொழும்புக்குப் போன தலைவர் ஒருநாள் வந்து காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்று, "நாளைக்கு அரிசி போடுறாங்க, வாங்கிக்கொடுத்துட்டோம்!" என்றார். எல்லாரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். சம்பளம் என்ன ஆச்சு என்று கேட்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

முற்றுகையின் சூட்சுமம் எனக்கு இதுதான் என்று படுகிறது. பசி மட்டுமல்ல, பேச்சே மாறிவிடுகிறது. எதற்காகப் பேசப் போனோமோ அது பின்னால் போய், பறித்ததைத் திரும்பக் கேட்பதே பேச்சாகிவிடுகிறது. பறித்தவர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்து, விட்டுக்கொடுத்தவர் என்று பெயரும் வாங்கிக்கொள்ளலாம்.

1994 ஒக்டோபரில் சந்திரிகா அரசும் புலிகளும் பேசத் தொடங்கியபோதும் அப்படித்தான். பெட்டரி போன்ற பொருள்களை வடக்குக்குக் கொண்டுபோக அரசு போட்டிருந்த தடை, மீன்பிடிக் கட்டுப்பாடு, பூநகரி இராணுவ முகாம் என்றே கடிதங்கள் போய்வந்தன. தீர்வு பற்றிய பேச்சுக்கு வந்து சேரவே இல்லை. 1995 ஏப்ரல் 19இல் திருகோணமலையில் இரண்டு கடற்படைக் கப்பல்களைப் புலிகள் தகர்த்தார்கள். அத்தோடு எல்லாம் போயிற்று. பெட்டரி கண்ணிவெடிக்குப் போகும் என்ற அரசின் பயமும் வெறும் சாக்கு அல்ல, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு கிளிநொச்சிக்குக் குடிபோன என் சித்திக்கு அந்தப் பெட்டரி ரேடியோவுக்குத்தான். 93இல் ஹட்டனுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது மாவுப் பைக்குள் நாலு பெட்டரியைப் புதைத்துக்கொண்டு போனாள். வழியில் சோதனையில் மாவைத் தரையில் கொட்டி எடுத்துவிட்டார்கள். பெட்டரி போனதைவிட மாவு போனதைத்தான் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிள்ளையிடம் லயத்துக் கதையைச் சொல்லுங்கள், ஜெர்மனி பிறகு வரட்டும். உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் யாராவது அந்த வேலைநிறுத்தத்தில் இருந்திருப்பார்கள். எத்தனை நாள் அரிசியை நிறுத்தினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். எனக்குப் பதினேழு என்று ஞாபகம். அம்மா இருபத்திரண்டு என்கிறாள்.