‘ஓகே லா’வும் சிவப்பு மையும்

கேள்வி: டீச்சர், மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வான மூவெட்டின் (MUET) பேச்சுப் பகுதிக்காக நாங்கள் நாலு பேர் ஆங்கிலத்தில் கலந்துரையாடிப் பழகுகிறோம். ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தவும் வேண்டும். மலாய்த் தோழி எதைக் காட்டினாலும் ‘ஓகே லா’ என்கிறாள். சீனத் தோழியோ என் கட்டுரை முழுக்கச் சிவப்புக் கோடு போட்டுவிட்டாள். அவளுக்கே ‘யெஸ்டர்டே ஐ கோ’ என்றுதான் வரும்! டீச்சர் திருத்தினால் ஒப்புக்கொள்ளலாம், இவள் சொல்வதை எப்படி?
– ஆறாம் படிவ மாணவி, பட்டர்வொர்த்

பதில்: கோடுகளை எண்ணினாயா, இல்லை அவை எங்கே விழுந்திருக்கின்றன என்று பார்த்தாயாம்மா?

சீனத்திலும் மலாயிலும் காலத்துக்கேற்ப வினைச்சொல் மாறாது. மலாயில் ‘செமாலாம் சாயா பெர்கி’ (நேற்று நான் போ) என்றால் போதும். அதனால்தான் அவளுக்கு ‘வென்ட்’ நழுவுகிறது. போனேன், போகிறேன், போவேன் என்று பழகிய உனக்கு அது உடனே கண்ணில் படுகிறது. ஆனால் ‘ஐ ஹேவ்’ என்பதற்குப் பதில் ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்று நம் பிள்ளைகள் எழுதுவது நம் காதுக்கு உறுத்தாது, அவளுக்கு உறுத்தலாம். (ஆங்கில ‘தி’யை (the) எங்கே போடுவது என்பதில் மூவருமே ஒரே படகு. அதற்கு டீச்சரிடம்தான் போக வேண்டும்.)

டீச்சர் என்றால் எல்லாம் தெரியும் என்றும் நினைக்காதே. என் வகுப்பில் ஒரு பையன் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் தைப்பூசத்தைப் பற்றி எழுதினான். நான் எழுத்துப் பிழையைத் திருத்தி மதிப்பெண் போட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த மலாய்ப் பையன் படித்துவிட்டு, “காவடி எவ்வளவு கனம்? ஏன் வெறுங்காலோடு நடக்கிறார்கள்?” என்று கேட்டான். கட்டுரையில் இரண்டுமே இல்லை. எனக்குத் தெரிந்த விஷயம் என்பதால், இல்லாததையும் இருப்பதாகப் படித்திருக்கிறேன்! அன்று எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான்.

‘ஓகே லா’ தோழிக்கு உன் மனம் நோகுமோ என்ற பயம். “நல்லா இருக்கா?” என்று கேட்டால் வேறென்ன சொல்வாள்? “எந்த வரியை ரெண்டு தடவை படிச்சே?” என்று கேட்டுப் பார்.

இன்னொன்று. அமெரிக்காவில் ஆங்கிலம் படித்த மாணவர்களை வைத்து லண்ட்ஸ்ட்ராம், பேக்கர் என்ற இருவர் 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பிறர் எழுத்துக்குக் கருத்துச் சொல்ல மட்டும் பழகியவர்கள், கருத்தைப் பெற்றுத் திருத்தப் பழகியவர்களைவிட எழுத்தில் கூடுதலாக முன்னேறினார்களாம். ஆக, அந்தச் சிவப்பு மையில் லாபம் அவளுக்குத்தான். நீயும் அவள் கட்டுரையை வாங்கிப் படி.

அடுத்த முறை ஒரு பத்தி மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், மூன்று இடத்துக்கு மேல் கோடு கூடாது. எந்த மூன்று என்று அவளும் யோசிக்கட்டும். பேனா வேண்டாம், பென்சில் கொடு.