நறுக்கில் இருப்பவர் உங்கள் தாத்தாதானா?

மதிப்பிற்குரிய ஐயா,

ஹட்டனை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றில் வாழ்ந்த என் தாத்தா பெரிய ஓட்டக்காரர் என்றும், 1948 லண்டன் ஒலிம்பிக்கிற்குப் போகவிருந்தவர் என்றும் வீட்டில் சொல்வார்கள். 1947ஆம் ஆண்டின் ஆங்கில நாளிதழ் நறுக்கொன்றில், கொழும்பில் ஒரு மைல் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தவரின் பெயரும் தலைப்பெழுத்தும் அவருடையவையாகவே இருக்கின்றன. தாத்தாதான் அவர் என்று எழுதிவிடலாமா?

ஒரு வாசகர், ஹட்டன்

அன்புள்ள நண்பருக்கு,

இப்போதைக்கு எழுதவேண்டாம். ராமசாமி, கருப்பையா, முத்தையா போன்ற பெயர்கள் ஒரே தோட்டத்தின் செக்ரோலிலேயே, அதாவது தொழிலாளர் வருகைப் பதிவேட்டிலேயே, பலருக்கு இருந்தன. தகப்பன்மாரின் பெயர்களும் அதே சில பெயர்களுக்குள் அடங்கியதால் தலைப்பெழுத்துப் பொருந்துவதும் அரிதன்று. தவறான ஆளுக்கு அந்த ஓட்டத்தை எழுதிவைத்தால், வேறொரு லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்) குடும்பத்திடமிருந்து அவர்களுடைய தாத்தாவைப் பறித்தவர்களாவோம்.

ஆகவே, அவர் இவரல்லர் என்று காட்டக்கூடிய சான்றையே முதலில் தேடுங்கள். செக்ரோலில் தொழிலாளி ஒருவருக்கு ஒரு வரி, மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். முழுப்பேரா (முழுநாள் வேலை), அரைப்பேரா (அரைநாள் வேலை), வேலைக்கு வராத நாளா என்பது அதில் தெரியும். அந்த மாதத்துச் செக்ரோல் தோட்டத்து ஆபீசில் எஞ்சியிருந்து, போட்டி நடந்த தேதியில் அவருக்கு முழுப்பேர் விழுந்திருந்தால், அன்று கொழும்பில் ஓடியவர் பெரும்பாலும் வேறொருவர்தான். கட்டம் வெறுமையாக இருந்தால் வாய்ப்பு இருக்கிறது என்பதற்கு மேல் எதுவும் சொல்லமுடியாது. காய்ச்சலில் படுத்திருந்தாலும் கட்டம் வெறுமைதான்.

அடுத்தது, வீட்டு டிரங்குப்பெட்டி. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான நம்மவரை நாடற்றவர்களாக்கிய பின், 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தவர்கள், மணமானவராயின் 1946 ஜனவரி 1க்கு முந்தைய ஏழாண்டும், மணமாகாதவராயின் பத்தாண்டும், அதன்பின் விண்ணப்பித்த நாள்வரையும் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததைக் காட்டவேண்டியிருந்தது. அந்த விண்ணப்பத்தின் பிரதி கிடைத்தால், 1947இல் அவர் எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

நறுக்கின் பக்கத்திலும் வேலை இருக்கிறது. போட்டிக்கு முந்தைய நாள்களின் இதழ்களில் பங்குபற்றுவோர் பட்டியல் வந்திருந்தால், பெயரோடு கழகத்தின் பெயரோ, பொலிஸ், இராணுவம் என்ற குறிப்போ இருக்கக்கூடும். 1930இல் தொடங்கிய வீரகேசரி அதே செய்தியை வெளியிட்டிருந்தால், ஆங்கில எழுத்துக்கூட்டலில் மறைந்த பெயர் தமிழில் தெளிவாக நிற்கும், ஊர்ப்பெயரும் கிடைக்கலாம்.

லண்டன் கதையை இதனோடு கலக்காதீர்கள். இலங்கை முதன்முதலாகப் பங்குபற்றிய ஒலிம்பிக் அது. 400 மீற்றர் தடைதாண்டலில் டங்கன் வைட் வெள்ளி வென்ற அந்தச் சிறிய அணியின் பட்டியலைச் சரிபார்ப்பது எளிது. ஆனால், 'போகவிருந்தவர்' எந்த அணிப் பட்டியலிலும் இருக்கமாட்டார். தெரிவுப் போட்டிகளைப் பற்றிய செய்திகளில்தான் அவரைத் தேடவேண்டும்.

நறுக்கின் சரியான தேதியும் நாளிதழின் பெயரும் உங்கள் கடிதத்தில் இல்லை. அவற்றை அனுப்புங்கள், அந்த வாரத்து வீரகேசரியைக் கொழும்புச் சுவடிக்கூடத்தில் தேடிப் பார்த்து எழுதுகிறேன்.