ஆர்பி புரதம்: கேட்டவையும் என் பதில்களும்

ஆர்பி என்பது கலங்கள் கண்டபடி பிரியாமல் காக்கும் ஒரு புரதம். அது கெட்டால் சின்னப் பிள்ளைகளின் விழித்திரையில் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய் வரலாம், ஆர்பி என்பது அந்தப் பெயரின் சுருக்கம்தான். இதைப் பற்றி நான் முன்பு எழுதியதற்கு வந்த கேள்விகள் இவை.

வெள்ளவத்தை அம்மா: மகனுக்கு இரண்டு வயது. பிளாஷ் போட்டு எடுத்த படங்களில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. நீங்கள் எழுதிய ஆர்பி நோயா?

மற்றவர்கள் கொஞ்சம் பொறுங்கள், முதலில் இது. அக்கா, படத்தை வைத்து நான் ஓம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது, வெளிச்சம் விழுந்த கோணத்தாலும் கண்புரையாலும்கூட அப்படித் தெரியும். ஆனால் இன்னும் நாலு படம் எடுத்துப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். நாளைக்கே தேசிய கண் வைத்தியசாலைக்கோ வேறு கண் வைத்தியரிடமோ கூட்டிக்கொண்டு போய், மருந்து விட்டுக் கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். ரெட்டினோபிளாஸ்டோமாவாகவே இருந்தாலும் நேரத்தோடு பிடித்தால் பெரும்பாலும் குணமாக்கலாம்.

தெஹிவளை உயர்தர மாணவி: ஆர்பி கலப்பிரிவைத் 'தடுக்கும்' என்று ரியூசன் நோட்டில் ஒரே வரிதான். எப்படித் தடுக்கிறது?

வரி பிழையில்லை தங்கச்சி, ஆனால் பாதிக் கதை. டிஎன்ஏயைப் பிரதி எடுக்கத் தேவையான பரம்பரையலகுகளை இயக்குவது ஈ2எஃப் என்ற புரதங்கள். ஆர்பி அவற்றைப் பிடித்துக்கொண்டு வேலை செய்ய விடாமல் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். வளரச் சொல்லி வெளியிலிருந்து சமிக்ஞை வந்தால் சைக்கிளின் டி என்ற புரதம் கூடும், அது சீடிகே4, சீடிகே6 நொதியங்களோடு சேர்ந்து ஆர்பியில் பொஸ்பேற்றுகளை ஒட்டத் தொடங்கும், அப்புறம் சைக்கிளின் ஈயும் சீடிகே2உம் மிச்சத்தை ஒட்ட, பிடி விட்டுப்போய்க் கலம் ஜி1 என்ற வளரும் நிலையிலிருந்து டிஎன்ஏயைப் பிரதி எடுக்கும் எஸ் நிலைக்குள் நுழையும். பிரிந்து முடிந்ததும் பொஸ்பேற்றுகள் கழற்றப்படும், ஆர்பி திரும்பக் காவலுக்கு. பொஸ்பேற்று ஏறினால் ஆர்பி இயங்கும் என்று மட்டும் எழுதிவிடாதே, நேர்மாறு!

கொட்டாஞ்சேனை அண்ணன்: அப்போ கண்ணில் மட்டும் இருக்கிற புரதமா?

இல்லை, உடம்பு முழுக்க இருக்கிறது. கண் நோயில் முதலில் அகப்பட்டதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதன் பரம்பரையலகு 13ஆம் நிறமூர்த்தத்தில், அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. இந்த நோய் வர இரண்டும் கெடவேண்டும். எனக்குப் பிடித்த விஷயம், அமெரிக்க வைத்திய ஆய்வாளர் அல்பிரட் நட்சன் இதை 1971இலேயே 48 நோயாளிகளின் விவரங்களைக் கணக்குப் போட்டே சொல்லிவிட்டார், பரம்பரையலகைப் பிரித்தெடுத்தது 1986இல்தான்.

பம்பலப்பிட்டி அக்கா: மகளுக்குப் பாடசாலையில் போட்ட எச்பிவி ஊசிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. எச்பிவி ஒரு வைரஸ், அதன் ஈ7 புரதம் ஆர்பியைப் பிடித்து அழிக்கும், ஈ2எஃபுக்குக் கட்டு அவிழும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு அதுவும் ஒரு வழி. ஊசி வைரஸையே உள்ளே விடாமல் பார்க்கிறது.

அதே அக்கா: உடம்பில் ஆர்பியைக் கூட்ட என்ன சாப்பிடலாம்?

ஒன்றுமில்லை. வல்லாரைச் சம்பலை ருசிக்குச் சாப்பிடுங்கள்.