தொப்பி இல்லாத மிருதங்கம்

அன்புள்ள சார்,

'எ ட்ரைப் கால்ட் க்வெஸ்ட்' என்ற ஹிப் ஹாப் குழுவின் 'தி லோ எண்ட் தியரி' ஆல்பம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் போன ஞாயிற்றுக்கிழமை முழு ஆல்பத்தையும் இரண்டு தடவை கேட்டேன். ஜாஸும் ஹிப் ஹாப்பும் சேர்ந்த ஆல்பங்களில் இதுதான் உச்சம் என்றீர்கள். எனக்கு ஜாஸ் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ட்ரம்பெட்டில் ஒரு தனி ஆவர்த்தனம்கூட இல்லை. ஒரே துணுக்கு திரும்பத் திரும்ப ஓடுகிறது, அதன்மேல் இரண்டு பேர் மாறி மாறிப் பேசுகிறார்கள். அந்தத் துணுக்கும் வேறு யாரோ வாசித்தது. இதற்குப் பெயர் திருட்டு இல்லையா? ஆறு வருடம் மிருதங்கம் கற்றவன் நான், தாளம் தெரியாமல் சொல்லவில்லை. சமையலறையில் போனில் போட்டுவிட்டு, வேலை பார்த்துக்கொண்டே கேட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்), கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசி வரியை மட்டும் நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் நான் நாலு பக்கத்துக்கு வாதாடியிருப்பேன். சமையலறை, போன், அதுவும் குக்கர் விசிலுக்கு நடுவில். நீங்கள் இந்த ஆல்பத்தை இன்னும் கேட்கவே இல்லை. பேரிலேயே 'லோ எண்ட்' இருக்கிறது பாருங்கள், கீழ்ப்பகுதி, அதாவது பேஸ். (அமெரிக்காவில் கறுப்பின ஆண்களை நிறுத்தி வைத்திருக்கும் கீழ்ப்படி என்ற அர்த்தமும் அதில் உண்டு.) டபுள் பேஸின் (ஆளுயர வயலின் மாதிரி இருக்கும் வாத்தியம்) அடித்தந்தி நொடிக்குச் சுமார் 41 தடவைதான் அதிர்கிறது. போனில் இருக்கிற பொட்டு ஸ்பீக்கர் அந்தப் பக்கமே போகாது. மிருதங்கக்காரரான உங்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம்: வலந்தலையை (வலக்கைப் பக்கம்) மட்டும் கேட்டிருக்கிறீர்கள், தொப்பி (அடிநாதம் தரும் இடக்கைப் பக்கம்) முழுக்கக் காணாமல் போயிருக்கிறது. அப்படி ஒரு கச்சேரியைக் கேட்டுவிட்டு வித்வான் சரியில்லை என்று கடிதம் எழுதுவீர்களா?

உங்களைச் சொல்லிக் குற்றமில்லை, நானும் இதே தப்பைச் செய்தவன்தான். விடுதியில் நண்பனுடைய கணினியில், பிளாஸ்டிக் டப்பா மாதிரி இரண்டு ஸ்பீக்கர்களில் முதலில் கேட்டேன், எழுந்து சாப்பிடப் போய்விட்டேன். இரண்டு மூன்று வருடம் கழித்து இன்னொருவன் காரில், டிக்கியில் பெரிய வூஃபர் வைத்திருந்தான், அதில் முதல் பாட்டைப் போட்டான். கதவின் பக்கத்துப் பையில் கிடந்த சில்லறை மெதுவாக அதிர ஆரம்பித்தது. பாட்டைவிட அந்தச் சில்லறைச் சத்தம்தான் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அந்த முதல் பாட்டிலிருந்தே தொடங்குவோம், 'எக்ஸ்கர்ஷன்ஸ்'. ஆரம்பத்தில் பேஸ் மட்டும், வேறு எதுவுமே கிடையாது. குழுவின் ராப்பர் க்யூ-டிப் அதன்மேல் பேச ஆரம்பித்த பிறகும் டிரம் உடனே வருவதில்லை, கொஞ்சம் காத்திருக்க வைக்கிறது. அந்த பேஸ் வரி, ஜாஸ் டிரம்மர் ஆர்ட் பிளேக்கியின் குழு 1973-ல் வெளியிட்ட 'எ சாண்ட் ஃபார் பூ'விலிருந்து எடுத்தது, வாசித்தவர் மிக்கி பேஸ் (எழுத்தில் பெயரே அதுதான், நான் வைத்ததில்லை). நீங்கள் முதலில் அந்த மூலத்தைக் கண்டுபிடித்துப் போடுங்கள், கையில் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். மும்மூன்றாகப் போகும், உங்கள் கணக்கில் திஸ்ரம் என்று வைத்துக்கொள்ளலாம். அப்புறம் உடனே 'எக்ஸ்கர்ஷன்ஸ்' போடுங்கள். கை தடுக்கும். அதே வரியை எடுத்து, அதிலேயே ஒரு துண்டை மறுபடி ஒட்டி, நாலாக ஆக்கியிருக்கிறார்கள். கிடைத்த துணுக்கை அப்படியே ஓடவிடும் ஆள் இதைச் செய்ய மாட்டான். இந்த ஆல்பம் வந்தபோது க்யூ-டிப்புக்கு வயது 21.

அந்தப் பாட்டில் அவர் என்ன சொல்கிறார் தெரியுமா? பதின்ம வயதில் ஹிப் ஹாப் கேட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய அப்பா, இது எனக்கு பீபாப்பை (அந்தக் காலத்து ஜாஸ் பாணி) ஞாபகப்படுத்துகிறது என்பாராம். மகனுடைய பதில், எல்லாம் சுற்றிச் சுற்றி வருவதுதானே அப்பா என்பது. ஜாஸ் எங்கே என்று நீங்கள் கேட்ட கேள்விக்கு, ஆல்பம் முதல் நிமிடத்திலேயே பதில் சொல்லிவிட்டது, நீங்கள் அப்போது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்திருக்கலாம்.

எடுத்து ஒட்டியதோடு அவர்கள் நிற்கவுமில்லை. 'வெர்சஸ் ஃப்ரம் தி ஆப்ஸ்ட்ராக்ட்' பாட்டில் டபுள் பேஸ் வாசிப்பவர் ரான் கார்ட்டர், ஸ்டூடியோவுக்கே வந்து வாசித்தது. அறுபதுகளில் ஜாஸ் ட்ரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸின் ஐவர் குழுவில் இருந்த அதே கார்ட்டர். 2015-ல் கின்னஸ்காரர்கள் எண்ணியபோது 2,221 பதிவுகளில் அவர் வாசித்திருந்தார். அப்படிப்பட்டவர் இந்தப் பையன்களோடு உட்கார்ந்து ஒரு தனி வாசிப்புகூடக் கேட்காமல், கீழே அடக்கமாகப் பிடித்துக்கொண்டு போகிறார். பாட்டு முடியும்போது க்யூ-டிப் அவர் பெயரைச் சொல்லி நன்றி சொல்வது, மேடையில் பக்கவாத்தியக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவது மாதிரியே இருக்கும். ட்ரம்பெட் தனி ஆவர்த்தனம் தேடிப் போனால் ஏமாற்றம்தான். இவர்கள் ஜாஸிலிருந்து எடுத்துக்கொண்டது கீழ்க்கட்டும் காலி இடமும். பேஸ், டிரம், குரல், நடுவில் எங்கேயாவது ஒரு ஊதுவாத்தியத் துணுக்கு, அவ்வளவுதான். அந்த வருடத்து மற்ற ராப் ஆல்பங்களில் எத்தனை அடுக்கு சத்தம் என்று கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் புரியும். ஒலிக்கலவை செய்த பாப் பவர் என்பவருக்கும் இதில் பெரிய பங்கு. பழைய ரெக்கார்டுகளின் கீறல் சத்தத்தைப் பொறுமையாக நீக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்க வைத்தவர் அவர்.

ஆல்பம் வந்தது 1991 செப்டம்பர் 24. நாலே நாளில், 28-ஆம் தேதி, மைல்ஸ் டேவிஸ் இறந்துபோனார். அவர் கடைசியாகப் பதிவு செய்துகொண்டிருந்தது என்ன என்கிறீர்கள்? ஈசி மோ பீ என்ற ஹிப் ஹாப் தயாரிப்பாளரோடு ஒரு ஆல்பம், அடுத்த வருடம் 'டூ-பாப்' என்ற பெயரில் வந்தது. அது சுமார்தான், என்னைக் கேட்டால். ஆனால் மைல்ஸுக்கே வராத சந்தேகம் உங்களுக்கும் எனக்கும் எதற்கு?

சரி, திருட்டு. லேசாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. இந்த ஆல்பம் வந்து மூன்று மாதத்தில், அதே டிசம்பரில், பிஸ் மார்க்கி என்ற ராப்பர் கில்பர்ட் ஓ'சல்லிவனின் பாட்டை அனுமதியில்லாமல் சாம்பிள் செய்த (துணுக்கு எடுத்து ஒட்டிய) வழக்கில் நியூயார்க் நீதிபதி தீர்ப்பு கொடுத்தார், தீர்ப்பின் முதல் வரியே 'களவு செய்யாதிருப்பாயாக' என்ற பைபிள் கட்டளைதான். அதற்கப்புறம் ஒவ்வொரு துணுக்குக்கும் முன்கூட்டியே கையெழுத்து, காசு. நியாயம்தான் என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இதே குழுவின் முதல் ஆல்பத்தில் (1990) 'கேன் ஐ கிக் இட்?' என்ற பாட்டு, ராக் பாடகர் லூ ரீடின் 'வாக் ஆன் தி வைல்ட் சைட்' பாட்டின் பேஸில் ஓடுவது. பெரிய ஹிட். அதில் தங்களுக்கு ஒன்றும் வரவில்லை, எல்லாம் லூ ரீடுக்குப் போனது என்று குழுவின் இன்னொரு ராப்பர் ஃபைஃப் பிற்பாடு சொன்னார். சரி, உரிமைக்காரருக்குப் போனது என்று வைத்துக்கொள்வோம். அந்த பேஸை வாசித்தவர் லூ ரீட் இல்லை, ஹெர்பி ஃப்ளவர்ஸ் என்ற ஸ்டூடியோ வாத்தியக்காரர். டபுள் பேஸ் ஒன்று, எலக்ட்ரிக் பேஸ் ஒன்று என்று இரண்டு வாசித்ததால் அன்றைய கூலி இரட்டிப்பாகக் கிடைத்தது, அதோடு சரி. இதில் யாரிடமிருந்து யார் திருடினார்கள் என்று எனக்குச் சுலபமாகச் சொல்ல வரவில்லை. ரெக்கார்டு கம்பெனி ஆட்களை நம்பாதே என்று ஒரு விதி எண்ணே போட்டு (4080) 'செக் தி ரைம்' பாட்டில் க்யூ-டிப் கிண்டலடிப்பது இந்தக் கசப்பில்தான் என்று தோன்றுகிறது.

ஃபைஃபைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை, 'இரண்டு பேர் பேசுகிறார்கள்' என்று முடித்துவிட்டீர்கள். முதல் ஆல்பத்தில் அவர் நாலைந்து பாட்டில் தலை காட்டியதோடு சரி. இதில் 'பக்கின் அவுட்' தொடங்கும்போது அவர் குரல் வந்து விழுவதைக் கேளுங்கள். ஐந்தடி மூன்று அங்குல ஆள், தன் குள்ளத்தைத் தானே பட்டமாகச் சூட்டிக்கொண்டு வருகிறார். க்யூ-டிப்பின் குரல் மூக்கிலிருந்து வழுக்கிக்கொண்டு வரும், ஃபைஃபுடையது தெருமுனையில் நின்று கூப்பிடுகிற குரல். சொற்கள் முதலில் புரியாவிட்டால் பரவாயில்லை, இந்த இரண்டு குரலும் எங்கே ஒன்றையொன்று தொடுகின்றன என்று மட்டும் கவனியுங்கள், பாட்டு வரிகளை மூன்றாவது தடவை படித்துக்கொள்ளலாம்.

குறையே இல்லாத ஆல்பம் என்று சொல்ல மாட்டேன். பாலியல் வன்முறையைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது, நல்ல இடத்தில் தொடங்கி, பெண் மறுத்ததால் சலித்துக்கொள்ளும் ஆணின் முனகலில் போய் முடிகிறது. இப்போது கேட்கக் கூச்சமாக இருக்கிறது. பேஜர் பற்றிய பாட்டுக்கு இன்றைக்குப் பொழிப்புரை தேவைப்படும். கடைசிப் பாட்டு 'சினாரியோ', அதில் விருந்தாளி ராப்பர் பஸ்டா ரைம்ஸ் கடைசியாக உள்ளே நுழைந்து மற்ற எல்லோரையும் மறக்கடித்துவிட்டுப் போவார், அதைக் குறை என்று சொல்வதா நிறை என்று சொல்வதா தெரியவில்லை.

'செக் தி ரைம்' வீடியோ எடுத்தது குவீன்ஸில், அவர்கள் வளர்ந்த லிண்டன் பூலவார்டில், ஒரு சலவைக் கடையின் மொட்டை மாடியில். கீழே ஜனம் நிற்கும், மேலே இவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் தயாரா என்று கேட்டுக்கொள்வார்கள். ஃபைஃப் சர்க்கரை நோயோடு பல வருடம் போராடி 2016 மார்ச்சில் 45 வயதில் இறந்தார். அதே வருடம் நவம்பரில் அந்தச் சலவைக் கடை இருக்கும் தெருமுனைக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள்.

ஹெட்போன் வாங்கியதும் எழுதுங்கள். கை எந்த இடத்தில் தடுக்கியது என்றும் சொல்லுங்கள்.

பி.கு: குழுவின் நாலாவது ஆள் ஜரோபி, முதல் ஆல்பத்துக்கு அப்புறம் சமையல் படிக்கப் போய்விட்டார். நீங்கள் இதைச் சமையலறையில் கேட்டதை அவர் ஒருவர் வேண்டுமானால் மன்னிப்பார்.