பிறந்ததும் அழாத குழந்தை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

பச்சிளங்குழந்தைப் பிரிவில் டாக்டராக இருக்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளில் சில.

மகன் இரண்டு நிமிடம் கழித்துத்தான் அழுதான். இப்போது நாலு மாதம். மூளை பாதித்திருக்குமா மேடம்?

தாமதமாக அழுததை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாதும்மா. ஆக்சிஜன் குறைந்தால் குழந்தையின் உடம்பே தோலுக்கும் குடலுக்கும் போகிற ரத்தத்தைக் குறைத்து, மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடும். அப்படித் தப்பிக்கிற பிள்ளைகள் நிறைய. முதல் மூன்று நாள் எப்படி இருந்தான்? நன்றாகப் பால் குடித்தானா, வலிப்பு வந்ததா, துவண்டு கிடந்தானா? டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள். அதெல்லாம் சரியாக இருந்து, இப்போது தலையும் நின்று, முகம் பார்த்துச் சிரிக்கிறான் என்றால் பயம் வேண்டாம்.

நர்சிங் படிக்கிறேன். மூச்சு வந்துவிட்டால் ஆபத்து முடிந்ததுதானே?

இல்லை. எல்லோருக்கும் தெரிய வேண்டிய விஷயம் இது. பாதிப்பு இரண்டு அலையாக வருகிறது. ஆக்சிஜன் இல்லாதபோது செல்களின் சக்தி தீர்ந்து, நரம்பு செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லப் பயன்படுத்தும் குளூட்டமேட் என்ற ரசாயனம் அளவுக்கு மீறிச் சுரந்து, கால்சியம் செல்களுக்குள் பாயும். அது முதல் அலை. மூச்சும் ரத்த ஓட்டமும் திரும்பியதும் மூளை ஓரளவு தேறிக்கொள்ளும். குழந்தை அமைதியாகத் தெரியும். சுமார் ஆறு மணி நேரம் போனபின் இரண்டாவது அலை தொடங்கும். செல்கள் மறுபடி சக்தி இழந்து நாள்கணக்கில் சாகும். வலிப்பு பெரும்பாலும் அப்போதுதான். அந்த ஆறு மணி நேரம் எங்களுக்குப் பொன்னானது.

உடம்பைக் குளிர வைத்தால் மூளை பிழைக்கும் என்கிறார்களே?

உடல் வெப்பத்தை 33.5 டிகிரி செல்சியஸுக்கு இறக்கி 72 மணி நேரம் வைப்பார்கள். ஆறு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். பணக்கார நாடுகளில் இது உயிரையும் மூளையையும் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகளிடம் நடந்த ஹீலிக்ஸ் ஆய்வு 2021இல் வெளிவந்தபோது எங்களுக்கு அதிர்ச்சி. குளிரூட்டிய குழந்தைகளில் 42 சதவீதம் பேர் இறந்தார்கள், குளிரூட்டாதவர்களில் 31. சென்னைக் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். நம் பகுதியில் பாதிப்பு பிரசவத்துக்கு முன்பே மெல்லத் தொடங்கியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். அதனால் "ஏன் குளிரூட்டவில்லை" என்று டாக்டரைக் குற்றம் சொல்லிவிடாதீர்கள். காய்ச்சல் மட்டும் வரவே கூடாது. சூடு ஏறினால் பாதிப்பு கூடும்.

பச்சைக்குழந்தைக்கு வலிப்பு வந்தால் எப்படித் தெரியும்?

கை கால் வெட்டி இழுக்கும் என்று காத்திருக்காதீர்கள். ஒரு முறை பாட்டி ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "பாருங்கம்மா, பாலுக்கு எப்படிச் சப்புக்கொட்டுறான்" என்று சந்தோஷமாகக் காட்டினார். உதடு சப்பிக்கொண்டிருந்தது, கால்கள் சைக்கிள் மிதிப்பதுபோலச் சுற்றின, கண் ஒரு பக்கமாக நிலைகுத்தி நின்றது. வலிப்பு. கையை மெல்லப் பிடித்தாலும் நிற்காத அசைவு என்றால் உடனே கூப்பிடுங்கள்.

தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டலாமா?

வேண்டவே வேண்டாம். துடைத்து, முதுகை வருடியும் மூச்சு வரவில்லையென்றால் முதல் நிமிடத்துக்குள் பேக்-மாஸ்க் (முகத்தில் வைத்துக் கையால் பையை அமுக்கிக் காற்று செலுத்தும் கருவி) வைத்து நுரையீரலுக்குக் காற்று கொடுக்க வேண்டும். நிறைமாதக் குழந்தைக்குச் சாதாரணக் காற்றில் தொடங்கினாலே போதும்.

மகளுக்கு ஏழு மாதம். வலது கையை மூடியே வைத்திருக்கிறாள். ஒரு வயது வரை பார்க்கலாம் என்கிறார் மாமியார்.

அதுவரை காத்திருக்க வேண்டாம் தாயி. ஒரு கையை மட்டும் இப்படி மூடியே வைத்திருப்பது மூளை பாதிப்பின் அறிகுறியாக இருக்கலாம். இந்த வாரமே உங்கள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்துப் போங்கள். மாமியாரையும் கூட்டிப் போங்கள். அங்கே சொல்லித்தரும் பயிற்சியை வீட்டில் தினமும் செய்ய அவர் கையும் வேண்டும்.