தத்து: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எனக்கு இருபத்தாறு வயது. சிங்கப்பூரில் காப்புறுதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். பட்டப்படிப்பில் ஆங்கில இலக்கியத்தைத் துணைப்பாடமாக எடுத்திருந்தேன். இப்போது நவீன ஆங்கில இலக்கியத்தில் பகுதிநேரமாக முதுகலை படிக்க ஆசை. அந்தப் பணத்தை வீட்டுக்குச் சேர்த்துவை என்கிறார் அப்பா. என் பயம் வேறு. வகுப்பில் இருப்பவர்கள் பேச்சு வந்த நாள் முதல் ஆங்கிலத்தில் வளர்ந்தவர்களாக இருப்பார்கள். எங்கள் வீட்டில் தமிழ்தான். அந்தக் குறையைச் சரிசெய்ய மூன்று மாதமாக வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசுகிறேன், அம்மாவிடமும்கூட. கவிஞர் எலியட்டைப் பற்றி இரண்டு நூல்களும் நாவலாசிரியர் ஜாய்ஸுக்கு ஒரு வழிகாட்டியும் படித்துவிட்டேன். கோட்பாடுகள் பிடிபட்ட பிறகு மூலநூல்களுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். நான் விண்ணப்பிக்கலாமா? எதை முதலில் படிக்க வேண்டும்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் நீக்கியிருக்கிறேன்.)

*

அன்புள்ள மகளுக்கு,

என் மகளைவிட நீ இரண்டு வயது இளையவள். அந்த உரிமையில் ஒருமையில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளவும் போகிறேன்.

விண்ணப்பி. அப்பாவிடம் உட்கார்ந்து கணக்கைக் காட்டு. பகுதிநேரம்தானே, சம்பளம் நிற்கப் போவதில்லை என்று புரிந்துகொள்வார். வேலைக்கு உதவுமா என்று நீ கேட்கவில்லை. நல்லது, நானும் அதற்குள் போகவில்லை.

கோட்பாடு பிடிபட்ட பிறகு மூலநூல் என்கிறாயே, அதை மட்டும் இன்றோடு விட்டுவிடு. எலியட்டின் 'பாழ்நிலம்' (The Waste Land) கவிதை 430 வரிகளைச் சற்றே தாண்டும். பூன் லேயில் ரயில் ஏறினால் ராஃபிள்ஸ் பிளேசில் இறங்குவதற்குள் ஒருமுறை வாசித்துவிடலாம். அதைப் பற்றி இரண்டு நூல் படித்தவள் அதைத் தொடவில்லை என்று எனக்கு எழுதுகிறாய். புரியாவிட்டால் பரவாயில்லை, இன்றிரவே வாசி. வாய்விட்டு வாசி.

என்னைப் பதில் எழுத உட்காரவைத்தது இவை எதுவும் இல்லை. 'அம்மாவிடமும்கூட' என்று எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு சொல்தான்.

உன் கடிதம் வந்த வாரம் முழுவதும் நான் என் அக்காவுடன் மருத்துவமனையில் இருந்தேன். இளம் தாதி ஒருவர் வந்து அக்காவின் முகத்தைப் பார்த்துச் சீன மொழியில் அன்பாக ஏதோ கேட்டார். அக்கா, "எனக்கு விளங்கவில்லையே அம்மா" என்று தமிழில் சொன்னார். தாதி என்னைப் பார்த்தார். இந்தக் காட்சியை நான் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பார்த்துவருகிறேன். அக்கா பிறப்பால் சீனர்.

அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் நீ எந்த வகுப்பில் போய் உட்காரப் பயப்படுகிறாய் என்று பார். நவீன ஆங்கில இலக்கியம் என்று சொல்கிறோமே, அதை ஆக்கியவர்கள் யார்? கான்ராட் போலந்துக்காரர். போலிஷ், பிரெஞ்சு இரண்டுக்கும் பிறகு வந்த மூன்றாவது மொழி அவருக்கு ஆங்கிலம். இருபது வயதை ஒட்டித்தான் கற்கத் தொடங்கினார். கடைசிவரை அவருடைய உச்சரிப்பில் வெளிநாட்டுச் சாயல் போகவில்லை. 1887இல் நம் துறைமுகத்திலிருந்து போர்னியோப் பக்கம் போய்வந்துகொண்டிருந்த விடார் என்ற நீராவிக் கப்பலில் வேலை பார்த்தவர். உன் அலுவலகச் சன்னலிலிருந்து தெரியும் அதே கடலில் திரிந்த மனிதர். எலியட் அமெரிக்காவில் பிறந்தவர். ஜாய்ஸ் அயர்லாந்துக்காரர், அவருக்கு ஆங்கிலம் ஆள வந்தவர்களின் மொழி.

ஜாய்ஸின் முதல் நாவல் 'எ போர்ட்ரெய்ட் ஆஃப் தி ஆர்ட்டிஸ்ட் ஆஸ் எ யங் மேன்' 1916இல் வந்தது. அதில் ஸ்டீவன் என்ற மாணவனும் ஆங்கிலேயரான கல்லூரிக் கல்விப்பொறுப்பாளரும் விளக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். விளக்கில் எண்ணெய் விடும் கருவிக்கு ஸ்டீவன் 'டண்டிஷ்' என்கிறான். ஆங்கிலேயர் அந்தச் சொல்லைக் கேட்டதே இல்லை. ஐரிஷ் சொல்லா என்று விசாரிக்கிறார். பையன் உள்ளே சுருங்கிப்போகிறான். நாம் பேசும் மொழி முதலில் இவருடையது, பிறகுதான் என்னுடையது என்று நினைக்கிறான். நாவலின் கடைசிப் பக்கங்களில், நாள்குறிப்பில், அகராதியைப் பார்த்துவிட்டு எழுதுகிறான்: அது சுத்தமான பழைய ஆங்கிலச் சொல்தான். அப்போது அவனுக்கு வரும் கோபத்தை நீ படித்தே தெரிந்துகொள். என் அம்மா அதே கருவியை 'வைத்தூற்றி' என்பார். என் பள்ளி நோட்டில் ஆசிரியர் அதை அடித்துவிட்டுப் 'புனல்' என்று எழுதினார். நாவலின் அந்தப் பக்கத்தை முதன்முறை படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. வீட்டில் தமிழ் பேசாதவனாக இருந்திருந்தால் நடுங்கியிருக்காது.

ஆனால் அந்த நடுக்கத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. அதைத்தான் உனக்குச் சொல்ல வருகிறேன்.

1986. நான் உயர்நிலைப்பள்ளி ஆசிரியர். பகலில் வேலை, மாலையில் முதுகலை வகுப்பு. பத்துப் பன்னிரண்டு பேரில் தமிழன் நான் ஒருவன்தான். 'பாழ்நில'த்தின் ஐந்தாம் பகுதி நடந்துகொண்டிருந்தது. வறண்ட மலையில் இடி இடிக்கிறது, 'த' என்ற ஒலியாக. பிருஹதாரண்யக உபநிடதக் கதை அது. பிரஜாபதி சொன்ன அந்த ஓரெழுத்தைத் தேவர்கள் 'அடங்குங்கள்' என்று புரிந்துகொண்டார்கள், மனிதர்கள் 'தத்த', அதாவது 'கொடுங்கள்' என்று புரிந்துகொண்டார்கள், அசுரர்கள் 'இரங்குங்கள்' என்று புரிந்துகொண்டார்கள். எலியட் வரிசையை மாற்றி மனிதர்களுக்கான 'தத்த'வை முதலில் வைக்கிறார். விரிவுரையாளர் நிமிர்ந்து, இந்தச் சொல்லைப் பற்றி ஏதாவது சொல்ல முடியுமா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நல்ல மனிதர், உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

தெரியாது என்று தலையசைத்தேன்.

எனக்குத் தெரியும். தத்துப்பிள்ளை என்கிறோமே, அந்தத் தத்துவும் இந்தத் தத்தவும் ஒரே வேரிலிருந்து வந்தவை. எங்கள் வீட்டில் புழங்கிய சொல். அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தார். அம்மாவுக்குப் பல ஆண்டுகளாகக் குழந்தை இல்லை. 1950இல் ஒரு சீனப் பெண்மணி, பிறந்து ஒரு மாதமான பெண்குழந்தையை எங்கள் வரிசை வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்தார். அது புலி ஆண்டு. புலி ஆண்டுப் பெண் குடும்பத்துக்கு ஆகாது என்று பல சீனக் குடும்பங்களில் நம்பிக்கை உண்டு. வீட்டில் வறுமையும் இருந்திருக்கும். அப்படிக் கைமாறிய சீனப் பெண்குழந்தைகள் இந்தத் தீவின் தமிழ்க் குடும்பங்களில் நிறையப் பேர். அந்தப் பெண்மணி திரும்பிப் பார்க்காமல் போனார் என்று அம்மா சொல்வார். ஒவ்வொரு முறையும், "பார்த்திருந்தால் தூக்கிக்கொண்டு போயிருப்பாள்" என்றும் சேர்த்துக்கொள்வார். ஏழு ஆண்டு கழித்து நான் பிறந்தேன். எனக்குத் தமிழில் கதை சொல்லித் தூங்கவைத்தவர் அக்காதான்.

'தத்த' என்ற சொல்லுக்கு அடுத்து அந்தக் கவிதையில் என்ன வருகிறது தெரியுமா? நாம் கொடுத்தது என்ன என்ற கேள்வி. பிறகு, ஒரு கணம் தன்னைக் கொடுத்துவிடும் அச்சந்தரும் துணிவு, அதற்குப் பிறகு எத்தனை காலம் எச்சரிக்கையாக இருந்தாலும் திரும்பப் பெற முடியாதது. செம்பவாங் வாசலில் நின்ற அந்தப் பெண்மணியை அந்த வரிகளில் என்னால் பார்க்க முடிந்தது. வகுப்பில் வேறு யாராலும் முடிந்திருக்காது. நான் வாயை மூடிக்கொண்டேன். பேசினால் இலக்கிய மாணவன் என்ற இடம் போய் வெறும் தமிழனாக ஆகிவிடுவேன் என்று பயந்தேன். அக்காவைப் பற்றிச் சொல்ல வெட்கப்பட்டேன், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். இன்னொரு மாணவர் எலியட்டின் அடிக்குறிப்பை வாசித்தார், வகுப்பு நகர்ந்தது. பருவ இறுதியில் வழிகாட்டி நூல்களைக் கொண்டு அந்தக் கவிதைக்குக் கட்டுரை எழுதினேன். நல்ல மதிப்பெண். அந்தக் கட்டுரை இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் என்னுடையது என்று ஒரு வரி இல்லை.

இப்போது சொல், மூன்று மாதமாக உன் வீட்டில் நீ எதைச் சரிசெய்துகொண்டிருக்கிறாய்? உன் அம்மா என்ன பாவம் செய்தார்? மகள் திடீரென்று வேற்றாள்போல் பேசுவதைக் கேட்டுக்கொண்டு அவர் சோறு போடுகிறார். உன் ஆங்கிலம் போதும். இந்தக் கடிதத்தை இவ்வளவு தெளிவாகத் தமிழில் எழுதத் தெரிந்தவளுக்கு ஆங்கிலத்தில் தெளிவாக எழுத வராதா? வகுப்பில் மற்றவர்களுக்கு வாய்க்காத இன்னொரு காதும் உனக்கு இருக்கிறது. அதை நீயே பஞ்சு வைத்து அடைத்துக்கொண்டிருக்கிறாய்.

எதை முதலில் படிப்பது என்று கேட்டிருந்தாய். 'பாழ்நிலம்', பிறகு ஸ்டீவனின் கதை, பிறகு கான்ராட் 1917இல் வெளியிட்ட 'தி ஷேடோ லைன்'. அது தொடங்கும் கீழைத் துறைமுகம் நம் சிங்கப்பூர்தான். மற்றவற்றைப் பாடத்திட்டம் பார்த்துக்கொள்ளும்.

இன்றிரவு அம்மாவிடம் தமிழில் பேசு. தத்து என்ற சொல்லை அவர் எங்கெல்லாம் கேட்டிருக்கிறார் என்று விசாரி. ஐந்தாம் பகுதி நடக்கும் நாளில் யாராவது கேட்டால் கையைத் தூக்கு. என்ன சொன்னாய் என்று எனக்கு எழுது. அக்கா வீடு திரும்பிவிட்டார், அவருக்கும் படித்துக்காட்டுகிறேன்.