கறுப்புத் தண்டவாளம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பதினெட்டு வருடமாகக் குடும்பத்தோடு பர்மிங்ஹாமில் இருக்கிறேன். உங்கள் இங்கிலாந்துப் பயணக் கட்டுரையில் ஆல்டன் டவர்ஸ் தீம் பார்க்கின் ‘நெமிசிஸ்’ ரோலர் கோஸ்டரைப் பற்றி ஒரு பத்தி வந்தது. ‘இவ்வளவு அக்கறையோடு தோண்டிய குழியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை’ என்று எழுதியிருந்தீர்கள். அதை என் மகனுக்குப் படித்துக் காட்டினேன். அவனுக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. இன்னொரு தடவை படிக்கச் சொன்னான்.

அவனுக்குப் பதினேழு வயது. 2022 நவம்பரில் அந்தக் கோஸ்டரைப் புதுப்பிக்க மூடினார்கள். கடைசி நாள் போயே ஆகவேண்டும் என்று அடம்பிடித்துக் கூட்டிப்போக வைத்தான். திரும்பி வரும்போது காரில் அழுதான். அடுத்த வருடம், புதுத் தண்டவாளம் கறுப்பு, அதில் சிவப்பு நரம்பு ஓடும் என்று படம் வெளியானபோது அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நண்பர்களோடு ராத்திரி இரண்டு மணி வரை வாக்குவாதம். 2024 மார்ச்சில் திறந்த முதல் வாரமே போய் ஏறிவிட்டு வந்தான். ‘நல்லாத்தான்ப்பா இருக்கு, ஆனா என்னோடது இல்ல’ என்றான். அவன் அம்மா சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு எங்களிடம் அந்தப் பேச்சையே அவன் எடுப்பதில்லை.

பாதை அதே பாதைதான், வளைவும் அதே வளைவுதான் என்கிறார்கள். பெயின்ட்டும் பெயரும்தானே மாறியிருக்கின்றன? அதற்கு இத்தனை துக்கமா? உண்மையாகவே புரியாமல்தான் கேட்கிறேன்.

எஸ்., பர்மிங்ஹாம்

*

அன்புள்ள எஸ்.,

நீங்கள் சிரித்தது ஒன்றுதான் எனக்கு வருத்தம். கேள்வி நல்ல கேள்வி. இந்தப் பதிலையும் அவனுக்குப் படித்துக் காட்டுங்கள்.

அந்தக் குழி எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். ஆல்டன் டவர்ஸ், ஷ்ரூஸ்பரி பிரபுக்களின் பழைய மாளிகையும் தோட்டமும் இருக்கிற இடம். சுற்றிலும் ஸ்டாஃபர்ட்ஷயரின் கிராமங்கள். மரங்களின் தலைக்கு மேலே எதுவும் எழும்பக் கூடாது என்ற கட்டுப்பாடு அங்கே உண்டு. 1992ல் சிகாகோவுக்குப் பக்கத்தில் பேட்மேன் பெயரில் ஒரு புதுவகைக் கோஸ்டர் வந்தது. தண்டவாளம் தலைக்கு மேலே போகும், இருக்கைகள் கீழே தொங்கும், கால் அந்தரத்தில் ஆடும். செய்தவர்கள் சுவிட்சர்லாந்தின் பொல்லிகர் அண்ட் மாபிலார். அந்த வகையை ஸ்டாஃபர்ட்ஷயருக்குக் கொண்டுவர ஆசைப்பட்டார் கோஸ்டர் வடிவமைப்பாளர் ஜான் வார்ட்லி. மேலே போக வழியில்லை. அதனால் கீழே போனார். பாறையை வெடிவைத்து உடைத்து, பள்ளம் தோண்டி, அந்தப் பள்ளத்துக்குள் கோஸ்டரை இறக்கினார்கள். 1994 மார்ச்சில் திறந்தபோது அந்த வகையில் ஐரோப்பாவின் முதல் கோஸ்டர் அது. தரையிலிருந்து அளந்தால் உயரம் 13 மீட்டர்தான். உச்சியிலிருந்து பள்ளத்தின் அடிவரை அளந்தால் 31 மீட்டருக்கு மேல் வரும். மொத்த நீளம் 716 மீட்டர், தலைகீழாகப் புரளுவது நான்கு தடவை, வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர் சொச்சம். எண்களை வைத்துப் பார்த்தால் இன்றைக்கு இது சின்னக் கோஸ்டர். ஏறினால் அப்படித் தோன்றாது. நூறு மீட்டர் உயரத்தில் வெட்டவெளியில் போகும்போது தெரியாத வேகம், காலுக்குப் பக்கத்தில் பாறை சீறிக்கொண்டு போகும்போது தெரிகிறது.

கதையும் அந்தக் குழியிலேயே உட்கார்ந்திருக்கிறது. பூமிக்கு அடியில் கிடந்த ஒரு ஜந்துவைக் கிளறிவிட்டார்கள், அது எழுந்துவிடாமல் எஃகைப் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள், அந்த எஃகில்தான் நாம் ஓடுகிறோம். ஏறுகிற நிலையமே அந்த ஜந்துவின் உடம்பு. பள்ளத்தில் ஓடும் நீருக்குச் சிவப்புச் சாயம். கட்டுப்பாட்டால் குழி, குழியால் பாறை, பாறைக்குள் ஜந்து. இதில் எதை உருவினாலும் மற்றது சரியும். எந்தக் கோஸ்டர் மேலும் எந்தக் கதையையும் ஒட்டிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் முழுக்க அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நின்று பார்க்கவேண்டும்.

நான் 2015 கோடையில் அப்படி நின்றேன். முக்கால் மணி நேர வரிசை. வரிசைப் பாதை பள்ளத்தை ஒட்டி வளைந்து வளைந்து போகும். தண்டவாளம் அப்போது வெளிறிய நிறம், பழைய எலும்பு மாதிரி. தண்ணீர் வடிந்த இடங்களில் துருக்கறை, கீழே பாறையில் பாசி. எனக்கு முன்னால் நின்ற ஒரு சிறுமி, ஆறேழு வயது இருக்கும், விரலை நீட்டி அந்த வெளிறிய கோட்டைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தாள். இங்கே விழும், இங்கே திருகும், இதோ வட்டம், அப்புறம் திரும்பவும் திருகல் என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். நடுவில் ஒரு இடத்தில் விரல் குழம்பிப்போய் முதலிலிருந்து தொடங்கினாள். அந்த நேரம் பார்த்து வண்டி வந்தது. எட்டு வரிசை, வரிசைக்கு நான்கு பேர், முப்பத்திரண்டு ஜோடிக் கால்கள் எங்கள் தலைக்கு மேலே போயின. முதலில் நெஞ்செலும்பு அதிர்ந்தது, சத்தம் அதற்குப் பிறகுதான் காதுக்கு வந்தது. பொல்லிகர் அண்ட் மாபிலார் செய்கிற தண்டவாளத்துக்கு முதுகெலும்பு உள்ளே பொள்ளலான எஃகுப் பெட்டி. சக்கரம் ஓடும்போது அது தவில் மாதிரி முழங்கும். சத்தம் தொல்லை என்று தோன்றினால் சில பார்க்குகளில் அதற்குள் மணலைக் கொட்டி அடக்குவார்கள். கண்ணை மூடிக்கொண்டு அந்த முழக்கத்தை மட்டும் கேட்டு, இது யார் செய்த கோஸ்டர் என்று சொல்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் பையனிடம் கேட்டுப் பாருங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நெமிசிஸில் ஓட்டம் ஒரு நிமிடம் இருபது வினாடி. அதில் பாதி நேரம் கண் தெளிவாக எதையும் பிடிக்காது. ஆனால் வரிசையில் முக்கால் மணி நேரமும், இறங்கிய பிறகு வேலி ஓரமாக நின்றும், வீட்டுச் சுவரில் படமாகவும், நோட்டுப்புத்தகத்தின் ஓரத்தில் கிறுக்கியும் அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். பாதை அதேதான் என்று நீங்கள் சொல்வது ஏறிய எண்பது வினாடிக்குச் சரி. மற்ற நேரமெல்லாம் அவனிடம் இருந்தது அந்த வெளிறிய கோடுதான். அது போனதற்கு அழுதிருக்கிறான். நம் ஊரில் கும்பாபிஷேகத்துக்குக் கோபுரத்தில் புது வண்ணம் பூசும்போது, உள்ளே இருக்கிற சாமி அதேதானே என்று யாரும் சும்மா இருப்பதில்லை. பஞ்சவர்ணம் அடிக்கணும் என்று ஒருவர், பழைய காவியே போதும் என்று இன்னொருவர், டீக்கடையில் மாதக்கணக்காக ஓடும். அதை நாம் கேலியாக எடுத்துக்கொள்வதில்லை. ஊருக்கு அந்தக் கோபுரம் வேண்டியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம்.

ஏன் மாற்றினார்கள் என்பதையும் அவனுக்காகச் சொல்லவேண்டும். இருபத்தெட்டு வருடம் ஒரே வளைவில் அதே பாரம் திரும்பத் திரும்ப விழுந்தால் எஃகு களைத்துப்போகும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் பற்றவைத்த இடங்களில்தான் முதலில் பிடிக்கும். ஒட்டுப்போட்டுச் சமாளிப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆல்டன் டவர்ஸ் அந்த இடத்தில் நெமிசிஸை இடித்துவிட்டு இன்னும் உயரமாக, இன்னும் வேகமாக வேறொன்றைக் கொண்டுவர நினைத்திருக்கலாம். அதைச் செய்யவில்லை. பழைய பாதையை அப்படியே வைத்து, அதே வளைவுகளைப் புது எஃகில் செய்து கொண்டுவந்து, அதே குழிக்குள் இறக்கினார்கள். 2024 மார்ச் 16ல் ‘நெமிசிஸ் ரீபார்ன்’ என்ற பெயரில் திறந்தார்கள். இதற்காக அவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஒரு கோஸ்டரின் வடிவத்தைக் காப்பாற்ற வேண்டிய பொருளாக நினைப்பது இந்தத் தொழிலில் அபூர்வம்.

அந்தக் கறுப்பு எனக்கு முழுசாகப் பிடிக்கவில்லை. பையன் சொல்வதில் பாதி சரி. 2024 ஜூலையில் போயிருந்தபோது காலையிலிருந்து சாயங்காலம் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வானத்துக்கு எதிரே, சங்கிலி இழுத்துக்கொண்டு மேலே போகிற இடத்தில், கறுப்பு அற்புதமாக இருக்கிறது. இங்கிலாந்தின் சாம்பல் வானத்தில் மையால் இழுத்த கோடு. சிவப்பு நரம்புகளைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஜந்து கட்டுக்குள் அடங்காமல் எஃகையே தன் உடம்பாக ஆக்கிக்கொண்டு வருகிறது என்று அவை சொல்கின்றன. கதையை ஒழுங்காகப் படித்தவர் பூசிய வண்ணம் அது. ஆனால் பள்ளத்துக்குள் இறங்கியதும், ஈரப் பாறைக்கு எதிரே, அந்தக் கோடு காணாமல் போகிறது. அந்தச் சிறுமி இன்றைக்கு நின்று விரலை நீட்டினால் முதல் திருகலிலேயே தொலைந்துவிடுவாள். பயம் கூடியிருக்கிறது, வரிசையில் நின்று பாதையைப் படிக்கிற சந்தோஷம் குறைந்திருக்கிறது.

ஜந்துவை அடக்கிக் காவல் காக்கும் ‘ஃபேலங்க்ஸ்’ என்ற படையின் கதையை இப்போது ரொம்பவே முன்னால் கொண்டுவந்திருக்கிறார்கள். எனக்கு அதில் ஈடுபாடு இல்லை. சிவப்புத் தண்ணீரும் பாறையும் சொல்லாததை அறிவிப்புப் பலகை என்ன சொல்லிவிடப் போகிறது? நிலையத்தில் வைத்திருக்கிற பெரிய கண் எனக்குப் பிடித்தது. வரிசையில் வருகிற பிள்ளைகள் அதன் முன்னால் வந்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள்.

இதோடு ஒப்பிட அமெரிக்காவிலிருந்து ஒன்று. கலிஃபோர்னியாவில் அனஹைமில் டிஸ்னியின் இரண்டாவது பார்க், 2001ல் திறந்தது. அதோடு வந்தது ‘கலிஃபோர்னியா ஸ்க்ரீமின்’. 1,851 மீட்டர் நீள எஃகுக் கோஸ்டர், ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் அந்தக் காலத்துக் கடற்கரை மரக் கோஸ்டர் மாதிரி வெள்ளைச் சட்டங்களின் காடு. அங்கே கதை என்று தனியாக எதுவும் தேவைப்படவில்லை, அந்த வெள்ளைச் சட்டமே கதை. ஏறுகிறவர்களின் அலறல் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய்விடக் கூடாது என்று சில இடங்களில் குழாய் மாதிரி மூடியும் வைத்திருந்தார்கள். 2018ல் அந்தப் பகுதியைப் பிக்சார் அனிமேஷன் படங்களை வைத்து ‘பிக்சார் பியர்’ என்று மாற்றியபோது, அதே கோஸ்டர் ‘இன்க்ரெடிகோஸ்டர்’ ஆனது. தண்டவாளம் சிவப்பானது. அலறலை அடக்கக் கட்டிய குழாய்களுக்குள் ‘இன்க்ரெடிபிள்ஸ்’ படத்துச் சூப்பர் ஹீரோ குடும்பத்தின் பொம்மைகள், பெரும்பாலும் அசையாதவை. ஓர் இடத்தில் பிஸ்கட் வாசனை வேறு. ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை, தண்ணீர் மட்டத்திலிருந்து உந்தி எறிகிற அந்தத் தொடக்கம் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் குழந்தை ஜாக்-ஜாக்கைத் துரத்துகிற கதைக்கும் அந்த வளைவுகளுக்கும் எந்த உறவும் இல்லை. குழாய் காலியாக இருந்தது, அதில் பொம்மையை வைத்தார்கள், அவ்வளவுதான். அங்கே பழைய ரசிகர்கள் கோபப்பட்டபோது நான் அவர்கள் பக்கம் நின்றேன். தண்டவாளம் சிவப்பானதும் கடற்கரை போய்விட்டது. ஆல்டன் டவர்ஸில் கறுப்பு வந்த பிறகும் குழி இருக்கிறது, ஜந்துவும் இருக்கிறது. உங்கள் பையனின் இழப்புக்கும் அனஹைம் ரசிகர்களின் இழப்புக்கும் நான் பார்க்கிற வித்தியாசம் இது. அவன் ஒத்துக்கொள்ள மாட்டான் என்று நினைக்கிறேன், பரவாயில்லை.

இன்னொன்றையும் அவனிடம் சொல்லுங்கள், தெரிந்தே இருக்கும். நியூஜெர்சியில் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சரில் 1999ல் ‘மெடூசா’ என்று ஒரு கோஸ்டர் வந்தது, காலுக்குக் கீழே தளமே இல்லாத வகையில் உலகின் முதல் கோஸ்டர். 2009ல் அதன் பெயரை ‘பிஸாரோ’ என்று மாற்றி, காமிக்ஸ் வேஷம் போட்டார்கள். பதின்மூன்று வருடம் அந்த வேஷத்தில் ஓடியது. 2022ல் மெடூசா என்ற பெயரே திரும்பி வந்தது. பெயின்ட் நிரந்தரமில்லை.

‘என்னோடது இல்ல’ என்று அவன் சொன்னதை நான் நாலைந்து தடவை படித்துவிட்டேன். ஐந்தோ ஆறோ வயதில், உயரம் அளக்கிற கோலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, இன்னும் எட்டவில்லை என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். பிறகு ஒரு வருடம் எட்டியிருக்கும். அன்றைக்குப் பக்கத்து இருக்கையில் யார் இருந்தது? நீங்களா? அப்படியென்றால் அவன் தொலைத்ததில் உங்கள் பங்கும் இருக்கிறது, நீங்கள் அதைப் பெயின்ட் என்று எழுதியிருக்கிறீர்கள்.

பர்மிங்ஹாமிலிருந்து ஒரு மணி நேரம் சொச்சம்தானே. அடுத்த சனிக்கிழமை இரண்டு பேருமாகப் போய் வாருங்கள். வரிசையில் ஃபோனை எடுக்காதீர்கள். பழைய வெள்ளைக் கோடு எங்கே எப்படித் தெரியும் என்று அவனைக் காட்டச் சொல்லுங்கள். கடைசி வரிசை இருக்கையைக் கேட்டு வாங்கி உட்காருங்கள், முதல் சரிவில் முன்னால் இருப்பவர்கள் எல்லோரையும் குழி விழுங்கிய பிறகுதான் உங்கள் முறை வரும். இறங்கி வந்ததும் அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா